விசிலுக்கும் உதைக்கும் நடுவில்

லம்ஜெத் அடித்த பெனால்டிப் பந்து கோலுக்கு மேலே போய், சுற்றுச்சுவரையும் தாண்டி, அந்தப் பக்கம் இருந்த மாதுளந்தோப்பில் விழுந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்தான் பாக்கி. அது உள்ளே போயிருந்தால் எங்கள் வாஹா கிளப் முதல் பிரிவுக்குப் போயிருக்கும். காபெஸ் கடற்கரையில் எங்களைப் போன்ற சின்ன ஊருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் மே மாதம் ஊரே சட்டையைக் கழற்றிச் சுழற்றத் தயாராக நின்றது. பந்து தோப்பில் விழுந்த பிறகு எல்லோரும் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

நான் ஃபர்ஜானி. அதே அணியில் தடுப்பு வரிசையில் நடுவில் ஆடுகிறவன். எதிராளி கொண்டுவரும் பந்தை எங்கேயாவது தூர அடித்து விரட்டுவது என் வேலை. பெனால்டி வந்தால் கட்டத்துக்கு வெளியே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு லம்ஜெத்துக்கு ஊரில் தலை காட்ட முடியவில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூவுவது அவன் தொழில். விலை கொஞ்சம் ஏறினால் போதும், "லம்ஜெத் உதைச்சிட்டான்டா, இனிமே விலை கீழ இறங்காது!" என்று எவனாவது கத்துவான். கூட்டம் சிரிக்கும். காபிக்கடைக்குப் போனால் பரிமாறுகிறவன் பணிவாக வந்து குனிந்து, "அண்ணே, காபி இங்கயே வைக்கட்டுமா, இல்ல மொட்டை மாடிக்கு அனுப்பட்டுமா?" என்பான். லம்ஜெத் காபிக்கடைக்குப் போவதை நிறுத்தினான். பிறகு முகச்சவரத்தை நிறுத்தினான். இனி பெனால்டி பக்கமே போவதில்லை என்று கோச் ஸுஹேரிடம் சொல்லிவிட்டான். கோச்சும் வற்புறுத்தவில்லை.

அவன் மச்சான் மூல்தி எங்கள் கோல் கீப்பர். குளிர்பெட்டி பழுது பார்க்கிறவன், ஆறடிக்கு மேல் உயரம், மீன் கூடை மாதிரி அகலமான கை. ஓடுகிற ஆட்டத்தில் அவனை ஏமாற்றுவது கஷ்டம். ஆனால் கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஒரு பெனால்டியைக்கூட அவன் பிடித்ததில்லை. பாய்வது மட்டும் அவ்வளவு அழகாக இருக்கும். இடது பக்கம் காற்றில் நீட்டிப் படுத்துப் பறப்பான். பந்து சாவகாசமாக வலது பக்கம் உள்ளே போகும். "மூல்தி கடல்ல குதிச்சிட்டான், துண்டு கொண்டாங்கப்பா!" என்று பார்வையாளர் படிக்கட்டிலிருந்து குரல் வரும்.

மூல்தியின் தங்கை நெஜியாதான் லம்ஜெத்தின் மனைவி. எங்கள் ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரே பெண். அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் அவள் வாய்க்குப் பயந்தே தேர்வில் தேறிவிடுவதாகச் சொல்வார்கள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் மீன் போட்ட கூஸ்கூஸ், கோதுமை ரவைச்சோறு. நானும் இருந்தேன். லம்ஜெத் மீனைத் தொடாமல் கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாக ஓரம் தள்ளிக்கொண்டிருந்தான்.

"விடு மாப்ளே," என்றான் மூல்தி. "பெனால்டின்னா அதிர்ஷ்டம். சீட்டுக் குலுக்கற மாதிரி."

"அப்ப உனக்கு மட்டும் ஏன் அண்ணே ஒரு தடவைகூடச் சீட்டு விழல?" என்றாள் நெஜியா.

மூல்தி வாயில் வைத்த உருண்டையை மெல்லாமல் அப்படியே நிறுத்தினான்.

"ஒருத்தருக்கு அடிக்க வரல, ஒருத்தருக்குப் பிடிக்க வரல. ரெண்டும் என் குடும்பத்துலயே வந்து விழுந்திருக்கு. போங்க, ரெண்டு பேரும் எதிரெதிர நில்லுங்க. யாராவது ஒருத்தர் ஜெயிச்சுத்தானே ஆகணும்?"

நான் சிரித்துவிட்டேன். லம்ஜெத் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கினேன். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான். "மைதானம் திறந்திருக்குமா?"

திறந்திருந்தது. நெஜியா தன் பயிற்சிக் காரைக் கோட்டோரம் நிறுத்தி, அதன் மேல் ஏறி உட்கார்ந்து விசிலை வாயில் வைத்தாள். நான் கோலுக்குப் பின்னால் பந்து பொறுக்க நின்றேன்.

விசில். லம்ஜெத் ஓடிவந்து அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே போனது. மூல்தி இடது பக்கம் பறந்து மண்ணைக் கவ்வினான்.

"யா ரப்பீ!" என்றாள் நெஜியா. "ரெண்டு பேரும் தோத்துட்டீங்களே!"

அடுத்ததும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதற்கடுத்தது உள்ளே போனது, ஆனால் அவன் குறிவைத்த பக்கம் அதுவல்ல என்று அவன் முகமே சொன்னது. சிரித்துச் சிரித்து நெஜியாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள்.

"ஏங்க, விசில் ஊதினதும் எதுக்கு இப்படி ஓடறீங்க? பின்னாடி நாய் துரத்துதா?"

"நான் எங்க ஓடறேன்?"

"நான் வாய்லேர்ந்து விசிலை எடுக்கறதுக்குள்ள பந்து தோப்புல இருக்கு. என்கிட்ட ஒரு பொண்ணு வர்றா. விளக்கு பச்சையானா போதும், கண்ணை மூடிக்கிட்டு ஆக்ஸிலேட்டர அழுத்துவா. அவளும் இப்படித்தான், ஓடலைன்னு சத்தியம் பண்றா."

லம்ஜெத் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டே நின்றான்.

"அங்க நிக்க முடியல நெஜியா," என்றான். "அவ்வளவு பேர் பாக்கறாங்க. எப்படியாவது முடிஞ்சு தொலையட்டும்னு இருக்கு. உள்ள போகணும்னுகூட இல்ல. முடிஞ்சா போதும்."

எத்தனையோ வருஷமாக அவனோடு ஆடுகிறேன். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. சொன்ன பிறகு அவனுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பந்தைக் குனிந்து எடுத்து அதிலிருந்த மண்ணைத் தட்டினான்.

நெஜியா அவனை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் பந்து கிளம்பறதுக்கு முன்னாடியே கிளம்பிடறே?"

"கீப்பர்னா முன்கூட்டியே ஊகிக்கணும். உனக்கு இதெல்லாம் தெரியாது."

"சரி. ஊகிச்சு எத்தனை பிடிச்சிருக்கே?"

மூல்தி கையுறையைக் கழற்றிக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"இங்க பாரு. பாஞ்சு, கோல் விழுந்தா, 'பாவம், முயற்சி பண்ணான்'னு சொல்வாங்க. பாயாம நின்னு, கோல் விழுந்தா, 'மரம் மாதிரி நின்னான்'னு சொல்வாங்க. அவ்வளவுதான் விஷயம். நான் பந்துக்காகப் பாயல. படிக்கட்டுல உக்காந்திருக்கறவனுக்காகப் பாயறேன்."

நெஜியா கையுறையை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

அன்றைக்கே நெஜியா இரண்டு சட்டம் போட்டாள். விசில் ஊதிய பிறகு லம்ஜெத் ஒரு முழு மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட வேண்டும். அதுவரை கால் நகரக் கூடாது. லம்ஜெத்தின் ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில் பதியும்வரை மூல்தி அசையக் கூடாது. மீறுகிறவர் அன்றைக்கு இரவுப் பாத்திரம் கழுவ வேண்டும்.

முதலில் எல்லாம் இன்னும் மோசமானது. மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிற அந்த நேரத்தில் லம்ஜெத்துக்கு உலகத்தில் உள்ள எல்லா யோசனையும் வந்தது. வலது பக்கம் என்று முடிவு பண்ணிக் கடைசி அடியில் இடது பக்கம் மாற்றுவான். பந்து இரண்டுக்கும் நடுவில் சோர்ந்துபோய் உருளும். மூல்தியோ நின்று நின்று கடைசியில் பாய மறந்து, பந்து வலையில் விழுந்த பிறகு உட்கார்ந்தான். இரண்டு பேரும் மாறி மாறிப் பாத்திரம் கழுவினார்கள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் பிடிபட்டது. பந்தை வைக்கும்போதே மூலையை முடிவு செய்வது, செய்த முடிவை வானம் இடிந்தாலும் மாற்றாதிருப்பது, பந்தை வைத்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நடக்காமல் கீப்பரைப் பார்த்தபடியே பின்னால் நகர்வது. முதுகைக் காட்டினால் தப்பித்துப் போகிற மாதிரி இருக்கிறது என்று லம்ஜெத்தே சொன்னான். மூல்தி அவன் இடுப்பையும் ஊன்றுகாலையும் படிக்கக் கற்றுக்கொண்டான். ஊன்றுகாலின் நுனி திரும்புகிற பக்கம்தான் பெரும்பாலும் பந்து போகும். அதை லம்ஜெத் கண்டுபிடித்துவிட்டுக் காலை நேராக ஊன்றிப் பக்கவாட்டில் வெட்டப் பழகினான். இவன் ஒன்று கற்றால் அவனுக்கு வேலை கூடியது. அவன் ஒன்று கற்றால் இவனுக்கு.

மூல்தி வாயையும் சும்மா வைத்திருக்கவில்லை. லம்ஜெத் மூச்சை இழுக்கும்போதுதான் ஆரம்பிப்பான்.

"மாப்ளே, வீட்ல கேஸ் சிலிண்டர் மாத்தினியா?"

லம்ஜெத் வாயைத் திறக்க மாட்டான்.

"காலையிலயே தீந்துபோச்சாம். அவ காருக்குள்ள உக்காந்து உன்னைத்தான் முறைச்சிட்டிருக்கா."

லம்ஜெத் அடிப்பான். உள்ளே போனால், "மாத்திட்டேன் மச்சான்!" என்பான்.

நவம்பரில் ஒரு சண்டை. அன்றைக்கு மூல்தி வரிசையாக எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தான். லம்ஜெத்துக்குக் கோபம் ஏறி, விசிலுக்குக் காத்திராமல் மூல்தியின் முகத்துக்கு நேரே அடித்துவிட்டான். மூக்கில் ரத்தம்.

"உனக்கு என்னைத் தெரியும். அதான் பிடிக்கறே. வேற எவன் அடிச்சாலும் உன்னால பிடிக்க முடியாது," என்றான் லம்ஜெத்.

"தெரிஞ்சிருக்கறதாலதாண்டா கஷ்டம்!" மூல்தி மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினான். "நீ பக்கம் மாத்துவேன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும்னு எனக்கு…"

"நிறுத்துங்க, எனக்குத் தலை சுத்துது," என்றாள் நெஜியா. "ரெண்டு பேரும் வண்டில ஏறுங்க. முதல்ல மூக்கைக் காட்டிட்டு வரலாம்."

மருந்தகத்துக்குப் போகிற வழியெல்லாம் இரண்டு பேரும் பேசவில்லை. ஒரு வாரம் பேசவில்லை. எட்டாவது நாளோ என்னவோ மூல்தி மூக்கில் ஒட்டுத்துணியோடு மைதானத்துக்கு வந்து கோலில் நின்றான். லம்ஜெத் பந்தை வைத்தான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இதெல்லாம் அணியில் மற்றவர்களுக்குத் தெரியாது. லீக் ஆட்டங்களில் பெனால்டி வந்தால் எங்கள் கேப்டன் ஸாபெர்தான் அடித்தான். லம்ஜெத் பந்தைக் கேட்கவில்லை.

மார்ச்சில் கோப்பை ஆட்டத்தில் தலைநகரத்துப் பெரிய கிளப் ஒன்று எங்கள் ஊருக்கே வந்தது. மைதானத்தில் இடமில்லாமல் பையன்கள் பேரீச்ச மரத்தில் ஏறிக்கொண்டார்கள். அவர்கள் முதலில் ஒரு கோல் போட்டார்கள். இரண்டாவது பாதியில் லம்ஜெத் தலையால் ஒன்று போட்டான். அதற்குப் பிறகு கூடுதல் நேரம் முழுக்க எங்கள் கட்டத்துக்குள்ளேயே கிடந்து பந்தை அடித்து அடித்து விரட்டினோம். என் கால் இரண்டும் மரத்துப்போயின. கடைசி விசில் வந்தபோது ஒன்றுக்கு ஒன்று. இனிப் பெனால்டிதான், பக்கத்துக்கு ஐந்து.

கோச் ஸுஹேர் எங்களை வட்டமாக உட்காரவைத்து ஆள் தேர்ந்தெடுத்தார். நான்கு பேர் கிடைத்தார்கள். ஐந்தாவதாக வழக்கமாக அடிக்கிறவன் தசைப்பிடிப்பில் புல்லில் புரண்டுகொண்டிருந்தான்.

"யாருப்பா அஞ்சாவது?"

எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்துக் காலணி நாடா அவிழ்ந்துபோயிருந்தது. எனக்கும்தான்.

"நான் அடிக்கறேன்," என்றான் லம்ஜெத்.

கோச் அவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "நிச்சயமா சொல்றியா?"

"நிச்சயமெல்லாம் இல்ல கோச். ஆனா அடிக்கறேன்."

அவர்கள்தான் முதலில் அடித்தார்கள். மூல்தி கோலில் நின்றான். அடிக்கிறவன் ஓடி வந்தான், மூல்தி அசையவில்லை. பந்து மூலைக்குள் சீறிக்கொண்டு போன பிறகுதான் அந்தப் பக்கம் சாய்ந்தான். எட்டவில்லை. பாயாத மூல்தியை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. "மரம்! மரம்!" என்று படிக்கட்டு முழுக்க ஊளையிட்டது. எங்கள் ஆட்களேதான். நடுக்கோட்டிலிருந்து நான் அவன் முகத்தைப் பார்த்தேன். படிக்கட்டு பக்கம் ஒரு பார்வை பார்த்தான். உதட்டைக் கடித்தான். அடுத்தவன் வந்தபோது மறுபடியும் அசையாமல் நின்றான். இந்த முறை விரல் நுனி பட்டது. பட்டும் பந்து உள்ளே போனது. எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் கோல் போட்டுவிட்டார்கள்.

மூன்றாவதாக வந்தவன் அவர்களுடைய நட்சத்திரம். எந்தக் கீப்பரும் ஏதாவது ஒரு பக்கம் பாய்ந்துதான் தீருவான் என்று தெரிந்தவன். அதிலும் மூல்தியைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்திருப்பான். வேகமாக ஓடிவந்து, கடைசியில் பந்தின் அடியில் மெல்லத் தட்டி, கோலுக்கு நட்டநடுவில் தூக்கிவிட்டான். காலியாக இருக்க வேண்டிய அந்த நடுவில் மூல்தி நின்றுகொண்டிருந்தான். பந்து இறங்கி வந்து அவன் கையில் உட்கார்ந்தது.

ஒரு கணம் யாருக்கும் என்ன நடந்தது என்று புரியவில்லை. மூல்தியே பந்தை இது யாருடையது என்பது போலப் பார்த்தான். அப்புறம் எழுந்தது பார், ஒரு சத்தம்! மரத்திலிருந்து ஒரு பையன் கீழே விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள். அடி ஒன்றும் இல்லை.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் ஸாபெர் பந்தைக் கம்பத்தில் அடித்தான். நான்காவது இரண்டு பக்கமும் உள்ளே. ஐந்தாவதை அவர்கள் போட்டுவிட்டார்கள். லம்ஜெத் தவறவிட்டால் எல்லாம் முடிந்தது.

நடுக்கோட்டிலிருந்து அவன் நடந்து போனபோது படிக்கட்டில் பேச்சு நின்றுபோனது. "வேணாண்டா, வேற ஆள அனுப்பு!" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. அவன் பந்தை வைத்தான். கீப்பரைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தான். அவர்களுடைய கீப்பர் கோட்டில் நின்று குதித்தான், கம்பத்தைத் தட்டினான், என்னவோ சொன்னான்.

விசில்.

லம்ஜெத் ஓடவில்லை. நின்றான். நெஞ்சு ஏறுவது அங்கிருந்தே தெரிந்தது. "அடிடா! அடிச்சித் தொலைடா!" என்று எனக்குப் பக்கத்தில் நின்ற ஸாபெரே கத்திவிட்டான். கீப்பர் குதிப்பதை நிறுத்தினான். இன்னும் ஏன் வரவில்லை என்று அவனுக்குக் குழப்பம். லம்ஜெத் மூச்சை விட்டான். அப்புறம்தான் கிளம்பினான். தரையோடு, வலது மூலை. கீப்பர் சரியான பக்கம்தான் பாய்ந்தான், ஆனால் பந்து அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

அவன் திரும்பி நடந்து வந்து என் தோளில் கையைப் போட்டான். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. முகத்தில் ஒரு பரவசம்.

"அங்க நிறைய நேரம் இருக்குடா ஃபர்ஜானி," என்றான். "இத்தனை நாள் தெரியவே இல்ல. எவ்வளவு நேரம் இருக்கு!"

நான்குக்கு நான்கு. இனி பக்கத்துக்கு ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும்; தவறவிடுகிற பக்கம் தோற்கும். அவர்களுடைய ஆறாவது ஆள் அடித்ததை மூல்தி சரியாகப் படித்தான், சரியாகப் பாய்ந்தான், பந்து உள்ளங்கையில் பட்டுக் கம்பத்தின் உள்பக்கம் மோதி உள்ளே போனது. அதில் அவன் தப்பு எதுவும் இல்லை.

கோச் எங்களைப் பார்த்தார். அவர் கண் என் மேல் வந்து நின்றது. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

அந்தத் தூரம் நடந்தது நினைவில்லை. பந்து கையில் ரொம்பக் கனமாக இருந்தது நினைவிருக்கிறது. வைத்தேன். விசில் கேட்டதோ இல்லையோ ஓடிவிட்டேன். மாதக்கணக்கில் கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டவன் நான். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நடுவில் அடித்தேன். பாய்ந்துகொண்டிருந்த கீப்பரின் காலில் பட்டுப் பந்து எங்கேயோ போனது. தோற்றுவிட்டோம்.

அப்படியே முட்டிபோட்டுவிட்டேன். என்னிடம் முதலில் ஓடிவந்தவன் லம்ஜெத். பக்கத்தில் உட்கார்ந்து, "எதுக்குடா ஓடினே?" என்றான்.

"தெரியலடா. முடிஞ்சா போதும்னு இருந்திச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. எனக்கும் வந்துவிட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, தோற்றுப்போன இரண்டு பேர் புல்லில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தோம். மூல்தி வந்து எங்கள் இரண்டு பேரையும் கழுத்துச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். படிக்கட்டில் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மே மாதத்தில், நாங்கள் முதல் பிரிவுக்குப் போய்விட்டோம். கடைசி ஆட்டத்தில் பெனால்டியே வரவில்லை; மூன்று சாதாரணக் கோல்கள். ஆனால் எனக்கு அதைவிட, கோப்பையில் தோற்ற இரண்டாம் நாள்தான் அடிக்கடி ஞாபகம் வருகிறது. வீட்டு வாசலில் கார் ஹாரன் விடாமல் அடித்தது. எட்டிப் பார்த்தால் நெஜியா. பின் இருக்கையில் மூல்தியும் லம்ஜெத்தும் முழங்காலை மடக்கி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன் இருக்கை காலி.

"அண்ணே, ஏறுங்க," என்றாள்.

மைதானத்தில் அன்றைக்கு ஸாபெரும் வந்திருந்தான், கம்பத்தில் அடித்தவன். இன்னும் இரண்டு பேர் வேலி ஓரம் தயங்கிக்கொண்டு நின்றார்கள். மூல்தி கோலுக்குப் போனான். நான் பந்தை வைத்தேன். வலது மூலை என்று முடிவு பண்ணினேன். அவனைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தேன்.

விசில்.

மூச்சை இழுத்தேன். "ஃபர்ஜானி, அந்தக் கீப்பர் கால் இன்னும் வலிக்குதாமே!" என்றான் மூல்தி. லம்ஜெத் எங்கேயோ பின்னால் சிரித்தான். கடல் காற்று பிடரியில் பட்டது. மூச்சை விட்டேன். அடித்தேன்.

நினைத்த இடத்துக்கே போனது. மூல்தியும் அங்கேயே வந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டான்.

"பந்தைப் போடு, இன்னொண்ணு அடிக்கறேன்," என்றேன்.